மெக்ரூடரின் பெல்ட்

கட்லர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெல்பர்ட் ஹின்ஸின் முகம் யாருக்கும் தெரியாது. கை எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமைதோறும் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஹோயிட் மெக்ரூடர் முகம் பீட்ரூட்டாகச் சிவந்து, கழுத்து நரம்பு வடக்கயிறாகப் புடைக்க, ஆடுகளத்தை நோக்கிப் பாய்வதை மாநிலமே தொலைக்காட்சியில் பார்க்கும். அப்போது அவருடைய பெல்ட்டின் பின்பக்கத்தில் ஒரு கை தொற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கைதான் டெல்பர்ட். கடையில் முட்டை வாங்கினால் கல்லாவில் இருக்கும் பெண் அவன் முகத்தைப் பார்த்து ஒன்றும் புரியாமல் விழிப்பாள். காசை நீட்டியதும், "அட, நீங்களா" என்பாள்.

வேலை இதுதான். ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் அதைத் தாண்டினால் முதலில் எச்சரிக்கை வரும், பிறகு அபராதமாக, அணி முன்னேறிப் பிடித்த இடத்திலிருந்து கஜக்கணக்கில் பின்னால் தள்ளுவார்கள். நடுவர்மேல் விரல் பட்டால் ஆளே வெளியே போக வேண்டும். மெக்ரூடரோ கோடு என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் தாண்டாமல் இருக்க முடியாத பிறவி. ஆகவே அவரைப் பின்னால் இழுத்துப் பிடிக்க ஒரு துணைப் பயிற்சியாளர். சிரிக்க வேண்டாம். இந்த நாட்டில் மானமுள்ள எந்தக் கல்லூரி அணியிலும் இப்படி ஒருவர் உண்டு.

இதில் டெல்பர்ட்டுக்கு ஒரே ஒரு வருத்தம். நான்கு பருவமாக அவன் ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. மெக்ரூடரின் முதுகைத்தான் பார்த்திருக்கிறான். சட்டையில் வியர்வை தோள்பட்டைக்கு ஏறினால் எதிரணி புள்ளி எடுத்துவிட்டது என்று அர்த்தம். பிருஷ்ட பாகம் இறுகினால் நடுவர் ஏதோ சொல்லியிருக்கிறார். இரண்டும் தளர்ந்தால் விளம்பர இடைவேளை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆட்கள், "நேத்து அந்தக் கடைசி ஓட்டம் எப்படி, கோச்?" என்று அவனைக் கேட்பார்கள். "பிரமாதம்" என்பான். வீட்டுக்கு வந்து பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்வான்.

ஆட்ட வியூகம் வகுக்கும் மேதையாவதற்காகத்தான் அவன் இந்தத் தொழிலுக்கு வந்தான். ஓட்டல் கைத்துடைப்புத் தாள்களில் அம்புக்குறி வரைந்து வரைந்து, கல்யாணத்தன்று மனைவி நோரீனுக்குக் கொடுத்த தாளில்கூட ஒரு வியூகம் இருந்தது. ஆனால் துணைப் பயிற்சியாளனின் விதி வேறு. தலை உருண்டால் வாலும் உருள வேண்டும். தலைமைப் பயிற்சியாளரைத் துரத்தினால் கூட இருக்கும் அத்தனை பேரும் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். இப்படிக் கட்டிக் கட்டி இது அவர்களுக்கு எட்டாவது ஊர். கார் கொட்டகையில் அட்டைப் பெட்டிகள் மடித்தபடியே சாய்ந்திருந்தன. மூன்றாவது ஊரில் நோரீன் ஒரு பெட்டியின் மேல் 'சமையலறை' என்று எழுதினாள். ஊருக்கு ஊர் டேப்பை ஒட்டிக் கிழித்து, ஒட்டிக் கிழித்து, இப்போது அதில் 'சமை' மட்டும் பாக்கி.

அந்த ஆகஸ்டில் ஒரு நாள் வீட்டுக்குள் டங் டங் என்று சத்தம். டெல்பர்ட் ஓடிப்போய்ப் பார்த்தால் மகள் டெஸ்ஸா சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். ஹின்ஸ் குடும்ப வரலாற்றில் முதல் ஆணி. அதில் பள்ளி வாத்தியக் குழுவின் தொப்பியை மாட்டினாள். போன பள்ளிகளிலெல்லாம் அவள் 'புதுப் பொண்ணு'. டிராம்போனோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, முன்னேறுவதற்குள் ஊர் மாறிவிடும். இந்தப் பள்ளியில்தான் முதல் நாற்காலி. இது கடைசி வருடம். மே மாதக் கச்சேரியில் அவள் தனியாக எழுந்து நின்று ஊத வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

"இங்க பாரு டெல்பர்ட்," என்றாள் நோரீன், பல் மருத்துவமனைச் சீருடையைக்கூடக் கழற்றாமல். "மே மாசம் அவ அந்த மேடையில ஊதி முடிக்கிற வரைக்கும் ஒரு பெட்டியும் நிமிராது. உன் வேலை போச்சுன்னா நீ மட்டும் போ. போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு."

"போகாது, நோரீன்."

"எட்டு ஊர்லயும் இதையேதான் சொன்ன."

மெக்ரூடருக்கு வேலை இருக்கும்வரை டெல்பர்ட்டுக்கும் இருக்கும். டெல்பர்ட்டுக்கு வேலை இருக்கும்வரை அந்த ஆணி சுவரில் இருக்கும். அவன் வாழ்க்கை முழுவதும் இப்படி ஒரு பெல்ட்டில் வந்து தொங்கியது.

பெல்ட் அவன் கைக்கு வந்தது தற்செயலாக. அப்போது அவன், பந்தைக் குனிந்து காலிடுக்கு வழியாகப் பின்னால் எறியும் ஒரே ஓர் ஆட்டக்காரனுக்குப் பயிற்சியாளனாக இருந்தான். ஒரு சனிக்கிழமை மெக்ரூடர் தலையைக் குனிந்துகொண்டு, கோயில் மாடு போல, ஒரு கோட்டு நடுவரின் வயிற்றைக் குறிபார்த்துக் கிளம்பினார். தண்ணீர்ப் புட்டியோடு அந்தப் பக்கம் போன டெல்பர்ட் எதையோ பிடித்தான். பிடித்தது பெல்ட். வர்ணனையாளர்கள் அதை ஏழெட்டு முறை திருப்பித் திருப்பிக் காட்டி, "என்ன ஒரு பிடி" என்றார்கள். திங்கட்கிழமை அவன் அறைக் கதவில் புதுப் பலகை: 'துணைப் பயிற்சியாளர், எல்லைக்கோட்டு ஒழுங்கு.'

ஒரு பதவி பிறந்துவிட்டால் அதற்கு ஒரு கட்டடம் வேண்டாமா? டயர் வியாபாரி ராய்ஸ் டன்னவே மனமுருகிக் கட்டிக்கொடுத்தார். 'டன்னவே குடும்ப எல்லைக்கோட்டுத் தலைமைத்துவ மையம்', முழுக்கக் கண்ணாடி. உள்ளே தண்டவாளத்தின் மேல் பஞ்சு அடைத்த பிரம்மாண்டமான பொம்மை ஒன்று. பொத்தானை அமுக்கினால் மெக்ரூடரின் குரலில் வசை பாடிக்கொண்டே கோட்டை நோக்கிப் பாயும். டெல்பர்ட் அதைப் பிடித்து இழுத்துப் பழக வேண்டும். நூலகத்துக் கூரை ஒழுகியபோது, புத்தகங்களை இதே மையத்தில், பொம்மைக்குப் பக்கத்தில் அடுக்கிக்கொள்ள விளையாட்டுத் துறை பெருந்தன்மையோடு அனுமதித்தது. தத்துவப் பேராசிரியர் ஒருவர் புத்தகம் எடுக்க வந்து, பொம்மையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அந்தப் பருவம் முழுக்க விடுப்பில் போனார்.

திறப்பு விழாவில் விளையாட்டுத் துறை இயக்குநர் சான்ட்லர் பிளைத் பேசினார். பல் வெளுத்தவர், தலைமுடி அசையாதவர். "நமது மாணவர்களுக்கு நாம் கற்றுத்தர விரும்புவது சுயக்கட்டுப்பாடு. அதை, என்ன செலவானாலும் சரி, வேறு யாரையாவது வைத்துச் செய்து முடிப்போம்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பொம்மை பழுதாகிக் கிடந்த கோடையில், டெல்பர்ட் நோரீனுக்குத் தன் பெல்ட்டைக் கட்டிவிட்டு வாசல் தபால் பெட்டிவரை ஓடச்சொல்லிப் பழகினான். அவள் ஓடினாள். காதல் கல்யாணம் அல்லவா.

"என்னத்த பண்ற நீ, பின்னாடி?" என்று கேட்டாள் மூச்சு வாங்க.

"உள்ளங்கை மேல பாத்து இருக்கணும். நாலு விரல் உள்ள, கட்டை விரல் வெளிய. இடுப்பைத் தாழ்த்திக்கணும். வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, நோரீன். கனமா இருக்கணும். அவ்வளவுதான். கனமா இருந்தாப் போதும்."

"இதுக்கா நீ முதுகலை படிச்ச?"

நாளாக ஆக, வேலை கோட்டைத் தாண்டி வளர்ந்தது. நல்ல ஆட்டக்காரப் பையன்களைக் கல்லூரிக்கு இழுக்க மெக்ரூடர் அவர்கள் வீட்டுக்குப் போவார். பெல்ட்டும் போகும், கையும் போகும். ஒரு வீட்டில் அந்தப் பையனின் அம்மா, ஓப்பல் கெய்தர் என்பவள், கெளுத்தி மீன் பொரித்துப் பரிமாறினாள். சோபாவில் மெக்ரூடருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "இவரு யாரு?" என்று கேட்டாள்.

"இவருதாங்கம்மா என் பொறுமை," என்றார் மெக்ரூடர். "நான் எங்க போனாலும் என் பொறுமையைக் கூடவே கூட்டிட்டுப் போவேன்."

"பொறுமை சாப்பிடுமா?"

"குடுங்க, சாப்பிடும்."

பையன் வேறொரு கல்லூரியின் பெயரைச் சொன்னான். சோபா முன்னால் நகர்ந்தது. டெல்பர்ட் வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கையால் முள் எடுத்து மீனைத் தின்று முடித்தான்.

பிறகு தேவாலயத்துக்கும் கூப்பிட்டார்கள். போதகர் பிரசங்கத்தை இழுத்தால் மெக்ரூடர் எழுந்துவிடுகிறாராம். பிறகு ஒரு ஞாயிறு மெக்ரூடரின் மனைவியே போன் செய்தாள். "டெல்பர்ட், கண்ணு, கொஞ்சம் வந்துட்டுப் போறியா? பக்கத்து வீட்டுக்காரரோட வேலிச் செடி விஷயமாப் பேசப் போறாரு. சும்மா பின்னாடி நின்னாப் போதும்." டெல்பர்ட் போய் நின்றான். வேலிச்செடி தப்பித்தது.

டெஸ்ஸா ஆணி அடித்த அந்தப் பருவத்தில்தான் முள்ளம்பன்றிகள் தோற்க ஆரம்பித்தார்கள். முள்ளம்பன்றிகள் என்பது கட்லர் அணியின் பட்டப்பெயர். முதலில் ஒரு முள் உதிர்ந்தது. அக்டோபர் முடிவதற்குள் மொட்டைப் பன்றிதான் மிச்சம். நவம்பர் நடுவில் இயக்குநர் பிளைத் பத்திரிகையாளர்களைக் கூட்டி, "கோச் மெக்ரூடருக்குப் பின்னால் நாங்கள் நூறு சதவீதம் நிற்கிறோம்" என்று அறிவித்தார்.

இந்தத் தொழிலில் இதைவிடப் பயங்கரமான வாக்கியம் கிடையாது. மருத்துவர் தோளைத் தட்டி, "பிடிச்சதைச் சாப்பிடக் குடுங்க" என்று சொல்வதற்குச் சமம். செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் மற்றத் துணைப் பயிற்சியாளர்களின் மனைவிமார் லாரிக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள். வீட்டுத் தரகர் அம்மாள் ஒருத்தி பூசணிப் பணியாரத் தட்டோடு வந்து, நலம் விசாரித்தபடியே கண்ணால் கூடத்தை அளந்தாள். சுவரில் இருந்த ஆணியைப் பார்த்து, "இதை எடுத்துட்டுப் பூசிடலாம்" என்றாள். நோரீன் தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மெக்ரூடருக்குப் பின்னால் உண்மையிலேயே நின்றவன் டெல்பர்ட் ஒருவன்தான். அவனை இயக்குநர் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க டெல்பர்ட். ஐஸ் டீ? சர்க்கரை போட்டதுதான். வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பொண்ணு ஏதோ ஊதுதாமே."

"டிராம்போன், சார்."

"அருமை. நாம எல்லாரும் ஒரே குடும்பம், டெல்பர்ட். குடும்பம்னா சில பேரை வீட்டை விட்டு அனுப்பத்தான் வேணும்." இயக்குநர் டீயைக் கலக்கினார். "சனிக்கிழமை ஆஷ்பர்ன் டெக் காலேஜோட கடைசி ஆட்டம். தோத்துருவோம். அதுல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு. ஆனா பாருங்க, தோத்ததுக்காக மெக்ரூடரை அனுப்பினா, ஒப்பந்தப்படி அவர் வீட்ல உக்காந்திருக்கறதுக்கு நாங்க வருஷக்கணக்கா சம்பளம் குடுக்கணும். அதே அவரு நடுவர் மேல கை வச்சாருன்னு வைங்க, அது ஒழுக்கக்கேடு. ஒரு காசு தர வேண்டாம். ஒழுக்கக்கேட்டை இந்தப் பல்கலைக்கழகம் ஒரு நிமிஷம்கூடப் பொறுத்துக்காது."

"போன வருஷம் கேமராக்காரர் தலையில தண்ணி டிரம்மைக் கவுத்தாரே சார்."

"போன வருஷம் ஜெயிச்சிட்டிருந்தோம், டெல்பர்ட்."

டெல்பர்ட் தன் கையைப் பார்த்துக்கொண்டான். இயக்குநரும் அதையே பார்த்தார்.

"உங்க மணிக்கட்டு வலிக்குதுன்னு கேள்விப்பட்டேன்."

"வலிக்கலையே சார்."

"வலிக்கும். கடைசிக் கால்பகுதியில. பாவம், நாலு வருஷமாப் பிடிச்ச கை. ஒரு நிமிஷம் விரல் மரத்துப்போனா யாரு என்ன கேக்க முடியும்?" குரலைத் தாழ்த்தினார். "கோச்சுங்க வருவாங்க, போவாங்க. மையம் நிரந்தரம். புதுசா வர்றவருக்கும் பெல்ட்னு ஒண்ணு இருக்கும் இல்ல? நீங்க எங்கயும் போக வேண்டாம். உங்க பொண்ணு நிம்மதியா ஊதட்டும்."

டெல்பர்ட் வெளியே வந்து, காரில் சாவியைப் போட்டுவிட்டு, திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். ஒருவரைக் கெடுத்தால் ஓர் ஆணி மிஞ்சும். கெடுக்காவிட்டால் லாரி வரும். ஜெயித்தால் இரண்டும் வேண்டாம். ஆனால் முள்ளம்பன்றிகள் ஜெயிப்பதென்பது அவனாலேயே கற்பனை செய்ய முடியாத காரியமாக இருந்தது. அவனோ தினமும் பிரார்த்திப்பவன்.

வெள்ளிக்கிழமை அணியினருக்கு மாட்டிறைச்சி விருந்து. மெக்ரூடர் டெல்பர்ட்டைத் தனியே ஒரு மூலைக்கு இழுத்துப் போனார்.

"ஹின்ஸ், நாளைக்கு என்ன ஆனாலும் என்னை விட்டுடாதடா."

"மாட்டேன், கோச்."

"ஏரியில ஒரு படகு பாத்து வச்சிருக்கேன். தோத்து, நல்ல பேரோட வெளிய போனா, பத்து வருஷம் கெண்டை மீன் பிடிக்கலாம்."

"அப்ப ஜெயிக்க வேண்டாமா, கோச்?"

"ஜெயிச்சாத் திரும்ப இந்தப் பசங்களைக் கட்டி மேய்க்கணும்டா." மெக்ரூடர் எலும்பைக் கடித்தார். "ஆனா அந்த நடுவர் மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்குது. பாஞ்சிடுவேன். நீ பின்னால இருக்கேங்கிற தைரியத்துலதான்டா நான் கோபமே படறேன்."

டெல்பர்ட் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டான். அதை வேறு மாதிரி யோசித்திருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது. ஆனால் யோசிப்பது அவன் பதவியின் கடமைகளில் இல்லை.

சனிக்கிழமை அறுபதாயிரம் பேர் வந்து குவிந்தார்கள். வறுத்த இறைச்சிப் புகையில் வானமே தெரியவில்லை. அரங்கின் உச்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இயக்குநர் பிளைத்தும் டயர் டன்னவேயும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்க மேல் படிக்கட்டில் நோரீனும் டெஸ்ஸாவும் ஒரே போர்வைக்குள். ஆஷ்பர்ன் ஆட்கள் 'லாரி எப்ப வருது?' என்று எழுதிய துணியைப் பிடித்திருந்தார்கள். பண்பாடு உள்ள ஊர். எழுத்துப்பிழை இல்லை.

டெல்பர்ட் முதுகைப் பார்த்தான். முதல் பாதியில் வியர்வை தோள்வரை ஏறியது. மூன்றாம் கால்பகுதியில் கழுத்தைத் தொட்டது. ஆனால் கடைசிக் கால்பகுதியில் அந்த முதுகில் ஏதோ விபரீதம் நடந்தது. வியர்வை காய ஆரம்பித்தது. அரங்கம் எழுந்து நின்றது. முள்ளம்பன்றிகள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இன்னும் நான்கே புள்ளி பின்னால். நேரமோ ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

ஜெயித்துவிடுவார்களோ? டெல்பர்ட் நான்கு வருடத்தில் முதல்முறையாக மெக்ரூடரின் விலாவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். பச்சைப் புல். பந்து காற்றில் வந்தது. கட்லர் பையன் ஒருவன், கடைசியில் இங்கேயே வந்து சேர்ந்த அந்தக் கெளுத்தி மீன் வீட்டுப் பையன்தான், எதிரணி எல்லையின் மூலையில் எகிறி அதைப் பிடித்தான்; அது செல்லுமானால் வெற்றி. எவ்வளவு அழகான ஆட்டம் இது என்று டெல்பர்ட் நினைத்தான். இதற்காகத்தான் வந்தேன் என்றும் நினைத்தான்.

நடுவர் இரண்டு கையையும் பக்கவாட்டில் வீசினார். பையனின் கால் கோட்டுக்கு வெளியே. செல்லாது.

பெல்ட் விறைத்தது. மெக்ரூடர் கிளம்பிவிட்டார். அந்த நடுவர், வாரநாள்களில் காப்பீடு விற்கும் சிறு மனிதர், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். "விடுடா என்னை," என்று மெக்ரூடர் கர்ஜித்தார். "விடுடா. இன்னைக்கு அவனா நானான்னு பாத்துடறேன். விடுங்கறேன்ல."

டெல்பர்ட் நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடிப் பெட்டியில் இயக்குநர் தம் மணிக்கட்டை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் போர்வைக்கு வெளியே டெஸ்ஸாவின் தொப்பி தெரிந்தது. ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

அவன் சுண்டுவிரலை எடுத்தான். பிறகு அடுத்ததை. மெக்ரூடரின் மனைவி, "கண்ணு" என்று கூப்பிட்டது ஞாபகத்துக்கு வந்தது. இருந்தாலும் மற்ற விரல்களையும் எடுத்துவிட்டான்.

மெக்ரூடர் நின்றார்.

காலணியை ஒட்டினாற்போல வெள்ளைக் கோடு. கைகள் இன்னும் முன்னால் நீச்சலடித்தன, வாய் இன்னும் பாதிக் கெட்ட வார்த்தையில் திறந்திருந்தது. ஆனால் கால் ஓர் அங்குலம் நகரவில்லை. இவ்வளவு பெரிய மனிதர், இவ்வளவு பெரிய கோபம், நடுவில் எந்தத் தடையும் இல்லை. போயிருக்கலாம். அரங்கத்தின் ராட்சதத் திரையில் அந்தக் காட்சி நாலு மாடி உயரத்துக்கு விரிந்தது. அறுபதாயிரம் பேரும் பேச்சை நிறுத்தினார்கள். கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் வைத்தபடியே நின்றார்கள்.

மெக்ரூடரின் வலது கை மெல்லப் பின்னால் வந்தது. முகத்தில் சோப்போடு துண்டைத் தேடுகிறவனின் கை போல, தன் இடுப்புக்குப் பின்னால் துழாவியது. காற்றுதான் இருந்தது.

"ஹின்ஸ்?" நடுவரின் மைக் வழியாக மைதான ஒலிபெருக்கி அதை ஊருக்கே சொன்னது. "டேய், ஹின்ஸ். எங்கடா போன? பிடிடா."

டெல்பர்ட் அசையவில்லை. காப்பீட்டு நடுவர் இரண்டடி முன்னால் வந்தார். பணிவான மனிதர். "சொல்லுங்க, கோச். என்னமோ சொல்ல வந்தீங்களே."

மெக்ரூடர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணுமில்ல சார். அந்த விசில்... நல்லாருக்கு. எங்க வாங்கினீங்க?"

முதலில் ஆஷ்பர்ன் பக்கம் சிரித்தது. பிறகு கட்லர் பக்கம். பிறகு முள்ளம்பன்றிகள் களத்திலேயே தலைக்கவசத்துக்குள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடித்துப் பந்தைத் தேடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இயக்குநர் பத்திரிகையாளர்களிடம் தழுதழுத்த குரலில் பேசினார். கோச் மெக்ரூடர் ஒரு மாமனிதர். நடுவரிடம் அவர் காட்டிய நாகரிகத்தை நாடே பார்த்தது. அதனாலேயே, அவரை அனுப்பினாலும், அவருக்கு ஒப்பந்தத்தின் கடைசிக் காசுவரை கொடுக்க வேண்டிய துயரத்தில் பல்கலைக்கழகம் ஆழ்ந்திருக்கிறது. "ஆனால்," என்றார், "தங்கள் கையில் இருந்த பொறுப்பைக் கைவிட்டவர்களை மன்னிக்க முடியாது."

டெல்பர்ட் மையத்தின் வாசலில் அவரை மறித்துக் கேட்டான். உள்ளே ஓர் ஆள் கதவுப் பலகையைத் திருகுளியால் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே சார் விடச் சொன்னீங்க."

"விடச் சொன்னேன். விட்டீங்க. சரி." பிளைத் உண்மையாகவே வருந்துகிறவர் போலத் தலையை ஆட்டினார். "விட்டா மட்டும் போதுமா, டெல்பர்ட்? லேசா ஒரு தள்ளு தள்ளியிருக்கக் கூடாதா?"

"தள்றது என் வேலையில இல்லையே சார். இழுக்கறதுதான்."

"அதான் உங்ககிட்ட உள்ள குறை. சொன்னதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்கறீங்க." கையைக் குலுக்கினார். நல்ல பிடி என்று வழக்கம்போலப் பாராட்டினார். "மத்தவங்களைத் தோத்ததுக்காக அனுப்பறோம். உங்களை ஒழுக்கக்கேட்டுக்காக. அதனால உங்களுக்கு ஒண்ணும் வராது. மனசுல வச்சுக்காதீங்க. குடும்பம் இல்லையா நாம."

வீட்டுக்கு வந்து நோரீனிடம் சொன்னான். வேகவைத்த வேர்க்கடலைக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். மற்றத் துணைப் பயிற்சியாளர்களின் வீடுகளில் லாரி வந்து போயிற்று. இந்தத் தெருவில் வரவில்லை. டெல்பர்ட் தெரிந்த கல்லூரிக்கெல்லாம் போன் போட்டான். எடுத்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே: "நீதானே அந்த விட்டவன்?" வெளியே போனால் கடைக்காரப் பெண்கள் இப்போதும் அவன் கையைத்தான் அடையாளம் கண்டார்கள். பாக்கிச் சில்லறையை அதில் வைக்காமல் மேஜைமேல் வைத்தார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது போன் அடித்தது.

"டேய் ஹின்ஸ்." அதே குரல். அந்தப் பொம்மையின் குரல்தான். "படகு போர் அடிக்குதுடா. மீன்கிட்டக் கத்தினா காதுலயே ஏற மாட்டேங்குது. மூணு மாநிலம் தள்ளி ஒரு காலேஜ்ல எடுத்துக்கிட்டாங்க."

"கோச், அன்னைக்கு நான் வேணும்னுதான்..."

"தெரியும்டா. அதெல்லாம் விடு. உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா? உன் கை பின்னால இருந்தாத்தான்டா நான் சிங்கம். இல்லாட்டி நான் யாருன்னுதான் ஊரே திரை கட்டிப் பாத்துச்சே. திங்கக்கிழமை காலைல வந்துடு. சம்பளம் அங்க குடுத்ததைவிட ஜாஸ்தி."

"சரி, கோச்."

இதை டெல்பர்ட் சொல்லவில்லை. அவன் வாய் சொன்னது. ஊர் ஊராகச் சொல்லிப் பழகிய வாய். போனை வைத்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

கொட்டகைக்குப் போய் 'சமை' என்ற பெட்டியை நிமிர்த்தினான். அதில் இரண்டு சட்டை, சவரச் சாமான், அம்புக்குறி வரைந்த பழைய தாள்கள் சில. வீட்டுக்குள்ளிருந்து டிராம்போன் கேட்டது. கச்சேரிப் பாட்டின் நடுவில் ஓர் இடத்தில் டெஸ்ஸா எப்போதும் தடுமாறுவாள். தடுமாறினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தான். பின்னால் சரக் சரக்கென்று வீட்டுச் செருப்புச் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரியும். காரின் கதவுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது இடுப்பில் ஏதோ பிடித்தது.

உள்ளங்கை மேலே. நாலு விரல் உள்ளே, கட்டை விரல் வெளியே.

"விடு, நோரீன். கோச் கூப்பிட்டிருக்காரு."

"போயேன். யாரு வேண்டாம்னா?"

"நீதானே சொன்ன, வேலை போச்சுன்னா நீ மட்டும் போன்னு."

"சொன்னேன். போ பாக்கலாம்."

அவன் முன்னால் சாய்ந்தான். அவள் இழுக்கவில்லை. இடுப்பைத் தாழ்த்திக்கொண்டு, கனமாக இருந்தாள். எதிர்வீட்டுக்காரர் ஏணி மேல் நின்று கூரையில் வண்ண விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தவர், சுத்தியலைப் பிடித்தபடியே பார்த்தார்.

"என்ன டெல்பர்ட், ஏதாச்சும் உதவி வேணுமா?"

"வேண்டாங்க," என்றாள் நோரீன். "எங்க வீட்டு விஷயம். வழக்கமா நடக்கறதுதான்."

"விடுன்னா விடு நோரீன்," என்று டெல்பர்ட் கத்தினான். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "திங்கக்கிழமை நான் அங்க இருக்கணும். இங்க என்ன இருக்கு எனக்கு? வேலை இல்ல, பேரு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. விடுங்கறேன்ல. விட்டேன்னா பாரு."

உள்ளே டிராம்போன் அந்த இடத்துக்கு வந்தது. தடுமாறவில்லை. தாண்டிப் போயிற்று.

அட்டைப் பெட்டி கையிலிருந்து நழுவிப் புல்லில் உட்கார்ந்தது. டெல்பர்ட் இன்னும் முன்னால் சாய்ந்துதான் இருந்தான், பாய்கிறவன் போல, மெக்ரூடர் சாய்கிற அதே கோணத்தில். இப்போது அவள் விட்டுவிட்டால்? அவனுடைய வலது கை, அவனைக் கேட்காமலே, மெல்லப் பின்னால் போய்த் துழாவியது.

கை இருந்தது.